முதல் குழியில் வெறுந்தண்ணீர்

அந்தக் கொடியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது தேடிப் பிடுங்கி, கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே ஒருவர் அப்படிச் செய்தார். அவர் விவரம் தெரியாதவர் அல்ல. உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், எங்கள் கல்லூரியில் என் துறைத் தலைவர். பல வருடச் சர்க்கரை நோயை உடம்பில் வைத்துக்கொண்டு, எங்கள் ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு மினுங்கியதை நம்பி மாத்திரையை நிறுத்தினார். அந்த மினுங்கல் நிஜமா பொய்யா என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் எதையும் லேசில் நம்புகிறவள் அல்ல. ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்தவர். எங்கள் வீட்டில் கறிவேப்பிலைகூட விசாரணை முடிந்த பிறகுதான் அடுப்படிக்குள் வரும். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பார் அப்பா, சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகக் கலந்திருக்கிறார் என்பார். அந்த ரத்தம்தான் எனக்கும். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் கேட்ட கேள்விகளை என் கணவர் இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆராய்ச்சி வேலைக்கு இந்தக் குணம் ஒத்துவருகிறது.

எங்கள் கல்லூரி தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பாதையில் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மலையில் கிடைக்கும் செடிகளில் சர்க்கரை நோய்க்கு ஏதாவது தேறுமா என்று பார்க்கும் திட்டம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. சார் தலைவர், நான் அவருக்கு அடுத்தபடி. வேலை செய்ய முனைவர் பட்ட மாணவி ஒருத்தி. செங்கோட்டைக்காரி, முப்பதை நெருங்குகிறவள், வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மூன்று பேர்தான் இந்தக் கதையில்.

நாங்கள் செய்த சோதனை இதுதான். மின்மினிப் பூச்சி ஒளிவிடுவது அதன் வயிற்றில் இருக்கும் லூசிஃபெரேஸ் என்ற என்சைமால். அந்த என்சைமை உண்டாக்கும் ஜீனை எடுத்து, மனித செல்லுக்குள் சர்க்கரையை இழுக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிற சுவிட்ச்சோடு கோத்துவிடுவோம். செல்லுக்கு மருந்து கொடுப்போம். மருந்து அந்தச் சுவிட்ச்சைப் போட்டால், செல் தன்னையறியாமல் மின்மினியின் என்சைமையும் செய்யும். அப்புறம் அந்த என்சைமுக்கு வேண்டிய தீனியை ஊற்றினால் ஒளி வரும். ஒளி கூடினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் நடப்பது குழிப்பணியாரச் சட்டியைச் சுருக்கி வைத்தது போன்ற ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டில். பிளேட் என்போம். அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கல். அதனால் ரீடர் என்ற இயந்திரத்துக்குள் பிளேட்டை வைத்து மூடுவோம். அது முதல் குழியில் ஆரம்பித்துக் கடைசிக் குழிவரை ஒவ்வொன்றாக அளந்து, கணினித் திரையில் எண்ணாகவும் நிறமாகவும் காட்டும். ஒளி கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம்.

சில குழிகளில் மருந்துக்குப் பதிலாக வெறுந்தண்ணீரை ஊற்றுவோம். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அது இல்லாமல் எந்தச் சோதனையும் சோதனையே அல்ல. எங்கள் ஆய்வகத்தில் கண்ட்ரோல் எப்போதும் கடைசி வரிசைகளில்தான் இருக்கும், சாரின் கட்டளை. திட்டம் தொடங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"முதல் குழியில வெறுந்தண்ணி ஊத்தாதீங்க. தொடங்கும்போதே வெறுமையாத் தொடங்கக் கூடாதும்மா."

அவர் வயல்காரக் குடும்பம். வீட்டில் புதுப் பானை வாங்கினால்கூட முதலில் ஒரு கை அரிசியைப் போட்ட பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மருந்து முதலில் வந்தால் என்ன, தண்ணீர் முதலில் வந்தால் என்ன, அளக்கப்போவது இயந்திரம்தானே என்று விட்டுவிட்டேன். அந்த வழக்கம் அப்படியே நிலைத்தது.

பங்குனி வெயிலில்தான் அந்தக் கொடி வேலை காட்டியது. அதற்கு முன் பார்த்த செடிகள் எல்லாம் இருண்டு கிடந்தன. ஒருநாள் கொடியின் சாற்றை ஊற்றிய வரிசைகள் சிவந்து நின்றன, கண்ட்ரோல் நீலமாகக் கிடந்தது. திரும்பச் செய்தோம், திரும்பவும் சிவந்தது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியாம்மா? மருந்து ஊத்துன வரிசை பூராவும் செவசெவன்னு நிக்கி. இத்தன வருசமா இதுக்குத்தான காத்துக்கெடந்தேன்."

மாணவி கைதட்டினாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. நல்ல சோதனை என்றால் கொஞ்சமாவது முரண்டு பிடிக்கும். இது சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையை எங்கள் அப்பா முதலில் சந்தேகப்படுவார்.

சித்திரை, வைகாசி போயின. சார் இளைத்துக்கொண்டே வந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். எந்நேரமும் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். பாடம் நடத்தும்போதே நடுவில் எழுந்து வெளியே போய்விட்டு வருவார். அவர் மேசையில் ஒரு ஃபிளாஸ்க் முளைத்தது. அதில் என்ன என்று கேட்டால், "சுக்குத் தண்ணி" என்பார். சுக்கு வாசம் எனக்குத் தெரியாதா? அது சுக்கு இல்லை.

அப்போது என் சந்தேகம் வேறு பக்கம் போனது. சார் யாருக்கும் தெரியாமல் கொடியை வைத்து வியாபாரம் தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன். சோதனை முடிவையும் அதற்காகத்தான் சிவக்க வைக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. ஆனியில் சாரல் விழ ஆரம்பித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் கிளம்பினேன். எங்களுக்குக் கொடி தருகிற மூலிகைக் கடை அருவிக்குப் போகிற பாதையில் இருக்கிறது. ஈரத் தலையும் துண்டுமாகக் கூட்டம் நெருக்கியடித்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கையில் கிண்ணத்தோடு ஆளை ஆளை மறித்தார்கள். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் சரக்கை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எங்களுக்குத் தார கொடியில வேற எதையும் கலந்திர மாட்டீங்களே?" என்று நேரடியாகவே கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "யம்மா, கலக்குறதுக்கு இது மிளகாப்பொடியா? பச்சையா முழுக் கொடியாத்தான குடுக்கேன். நீங்களே இலைய எண்ணிப் பாத்துக்கிடுங்க." பிறகு தாளை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "உங்க சாரு ஒருநாளும் இப்படிக் கேக்க மாட்டாவ. வாரா வாரம் வந்து வீட்டுக்குன்னு தனியா ஒரு கட்டு வாங்கிட்டுப் போறாவ. சுகருக்குக் குடிக்காவளாம். மாத்திரையே விட்டாச்சுன்னு சொன்னாவ. நல்ல குணம் தெரியுதாமே?"

நான் திருடனைத் தேடிப் போயிருந்தேன். கிடைத்தது நோயாளி. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்ததும், இளைத்ததும், அடிக்கடி எழுந்து போனதும் எதனால் என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் புரிந்தது. சர்க்கரை ஏறுகிறது. அவர் அதையெல்லாம் குணம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சார், மாத்திர போடுதீங்களா இல்லையா?"

சின்னப் பையன் மாதிரி சிரித்தார். "யாரு சொன்னா? கடைக்காரரா? அந்த ஆளு வாய்ல ஒண்ணு நிக்காதே."

"சார், செல்லுக்குச் செஞ்ச சோதனைய வச்சு மனுசன் குடிக்கலாமா? நீங்களே பாடம் நடத்துவீங்கள்லா, அடுத்து எலி, அதுக்கு அடுத்து..."

"எனக்குத் தெரியாதாம்மா? ஊருக்குக் குடுக்கணும்னா அதெல்லாம் செய்யணும். எனக்கு நானே குடிக்கேன், இதுக்கு யாரு அனுமதி வேணும்? எங்கப்பாவுக்கு இந்தச் சனியன் சுகர்ல ஒரு காலு போச்சு. அவரும் மாத்திர போட்டாரு, ஊசி போட்டாரு, என்ன ஆச்சு? நீயே பாத்தேல்லா, எப்படி எரியுதுன்னு. வெளிச்சம் பொய் சொல்லுமா?"

"ரத்தம் பாத்தீங்களா?"

"ஆறு மாசம் முழுசா குடிச்சிட்டுத்தான் பாக்கணும். நடுவுல பாத்தா மனசு அலையும், முடிவு கெட்டுரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரத்தம் பார்க்கப் பயந்துகொண்டு, அந்தப் பயத்துக்கு ஆராய்ச்சிச் சட்டை மாட்டிவிடுகிறார். அதையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது, எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். சார் வீட்டம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அந்த அம்மா அதற்கு மேல். "அவுகதான படிச்சவுக, லேப்ல வெச்சுப் பாத்துட்டுத்தான் குடிக்காவ" என்றார். எங்கள் லேப்தான் அந்த வீட்டில் சாமி. இவரை மாத்திரைக்குத் திருப்ப வேண்டுமென்றால் ஆலோசனை பலிக்காது, அந்த வெளிச்சத்தையே உடைத்துக் காட்ட வேண்டும்.

அன்றைக்கே சோதனையை நானே செய்தேன். வெளியே பொடிப்பொடியாகச் சாரல். முடிவு வந்தது. மருந்து வரிசையும் நீலம், கண்ட்ரோலும் நீலம். ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு வெற்றி போலத்தான் இருந்தது. சாரிடம் காட்டினேன்.

"சாரல்ல நனஞ்ச கொடிக்குக் காரம் குறைவும்மா. கடைக்காரரே சொல்லுவாரு" என்றார்.

பழைய சாறு குளிர்பெட்டியில் இருந்தது, பங்குனியில் எடுத்தது. அதை வைத்துத் திரும்பச் செய்தேன், அன்றும் சாரல். அதுவும் நீலம். "வச்சு வச்சுச் சாறு கெட்டிருக்கும்" என்றார். நம்ப வேண்டும் என்று முடிவெடுத்துவிட்ட மனிதருக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

ஆனால் எனக்குள் வேறு ஒரு பொறி தட்டியது. சிவப்பு வந்த சோதனைகளை எல்லாம் செய்தது மாணவி. நீலம் வந்தவற்றைச் செய்தது நான். அப்படியென்றால்? அவளுடைய முனைவர் பட்டம் இந்த வெளிச்சத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டம் முடிந்தால்தான் கல்யாணம் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்துக் குழியில் மட்டும் ஒளித் தீனியை ஒரு சொட்டுக் கூடுதலாக விட்டால் போதாதா? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சொட்டு விடும்போது பின்னால் போய் நிற்பேன். மிச்சத் தீனியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். எனக்கே என் மூச்சுச் சத்தம் கேட்கும்.

ஒருநாள் சொட்டு விடுகிற பைப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மேடம், என்னை வேவு பாக்கீங்களா?"

"சும்மாதான் நிக்கேன்."

"சும்மா நிக்கல. வெறுதே சந்தேகப்படாதீங்க. நான் கூட ஊத்துதேன்னு நெனச்சா வாயத் தெறந்து கேளுங்க." அவள் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட காலைல பஸ் புடிச்சு வந்து செல்லுக்குத் தீனி வச்சிட்டுப் போனேன். நான் பொய் பண்ணணும்னா இவ்வளவு பாடுபட வேண்டாமே, வீட்ல உக்காந்தே எண்ண எழுதியிருக்கலாமே?"

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிச்சக் குழிகளுக்குச் சொட்டு விட்டாள். அவள் கையில் தப்பு எதையும் நான் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அவள் செய்த அன்றும் சாரல், அன்று அவளுக்கும் நீலம்தான் வந்தது. அதையும் நான் சும்மா விடவில்லை, நான் பார்த்துக்கொண்டிருப்பதால் அடக்கி வாசிக்கிறாள் என்று நினைத்தேன். சந்தேகம் அப்படித்தான், எதைப் போட்டாலும் தின்றுவிடும்.

ஆடியில் திடீரென்று சாரல் நின்றது. மலை துடைத்துவிட்டது போலத் தெரிந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. அன்றைக்கு அவள் லீவு. நான் தனியாகச் சோதனையைச் செய்தேன். அதே பழைய சாறு, கெட்டுப்போனது என்று சார் சொன்ன அதே சாறு. ரீடரில் வைத்துத் திரையைப் பார்த்தேன். மருந்து வரிசைகள் சிவப்பு. கண்ட்ரோல் நீலம்.

இப்போது யாரைச் சந்தேகப்படுவது? கடைக்காரர் இல்லை, மாணவி இல்லை, சார் பக்கத்தில்கூட இல்லை. மிச்சம் இருக்கிற ஒரே ஆள் நான். தூக்கத்தில் எழுந்து எதையாவது கலந்துவிட்டேனா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன் என்றால் என் நிலைமையைப் பாருங்கள். ஒருவேளை சார் சொல்வதுதான் சரியோ, கொடி நிஜமாகவே வேலை செய்கிறதோ என்ற பயமும் வந்தது. அது நல்ல செய்தி, அதற்குப் போய்ப் பயந்தேன்.

பிளேட்டை ரீடருக்குள்ளேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, ஆத்திரத்தில், அதே பிளேட்டை இன்னொரு முறை அளக்கவிட்டேன். சிவப்பு போய்விட்டது. மொத்தப் பிளேட்டும் நீலம்.

நாங்கள் ஊற்றுகிற தீனி மணிக்கணக்கில் ஒளி தரக்கூடிய வகை. டீ குடிக்கிற நேரத்தில் மின்மினி அணையாது. அப்படி அணைந்தாலும் எல்லாக் குழியிலும் ஒரே மாதிரி அணைய வேண்டும், முதல் வரிசைகளில் மட்டும் எப்படிக் குறையும்? அப்படியென்றால் முதலில் தெரிந்தது மின்மினியின் ஒளி இல்லை. வேறு ஏதோ ஒளி. அது சீக்கிரம் தீர்ந்துபோகிற ஒளி. எங்கிருந்து வந்தது?

குழந்தைகள் படுக்கிற அறையில் கூரையில் ஒட்டுவார்களே பச்சை நட்சத்திரம், விளக்கை அணைத்ததும் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு மங்கும், அது நினைவுக்கு வந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வெள்ளை பிளாஸ்டிக்குக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. வெயிலைக் குடித்துவிட்டு இருட்டில் சில நிமிடம் கசியவிடும். நாங்கள் செல் வளர்ப்பது பழைய கட்டடத்தில். ரீடர் இருப்பது புதுக் கட்டடத்தில், அங்கேதான் ஏசி. நடுவில் நிழலே இல்லாத ஒரு முற்றம். பங்குனியிலும் சித்திரையிலும் பிளேட்டைத் தட்டில் வைத்து அந்த வெயிலில் நடந்துதான் கொண்டுபோனோம். சாரல் காலத்தில் நனைந்துவிடக் கூடாதென்று கறுப்புப் பையில் சுற்றி, குடைக்குள் வைத்துக்கொண்டு போனோம். அவள் நடந்தாலும் நான் நடந்தாலும் ஒன்றுதான். வெயில் அடித்தால் சிவப்பு, சாரல் அடித்தால் நீலம்.

மிச்சத்தை சாரின் அந்தப் புதுப்பானை வழக்கம் செய்துவிட்டது. ரீடர் முதல் குழியிலிருந்து அளந்துகொண்டு போகிறது. முதல் வரிசைகளை அளக்கும்போது பிளேட்டில் வெயில் இன்னும் கசிந்துகொண்டிருக்கும். கடைசி வரிசைக்கு வருவதற்குள் அது வற்றிவிடும். முதலில் எப்போதும் மருந்து, கடைசியில் எப்போதும் தண்ணீர். எங்கள் செல்களின் சொந்த ஒளி அவ்வளவு மங்கல், இந்தக் கசிவே அதற்கு மேல் நின்றது. நான் இங்கே வருவதற்கு முன் சென்னையில் இதே சோதனையைச் செய்த இடத்தில் செல்லும் ரீடரும் ஜன்னல் இல்லாத ஒரே அறையில் இருந்தன, இந்தத் தொல்லையே கிடையாது. முன்னால் பார்த்த செடிகள் ஏன் சிவக்கவில்லை என்று அப்புறம் யோசித்தேன். அவை ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தவை. வானம் மூடிக் கிடந்த மாதங்கள்.

மறுநாளும் வெயில். போகும் வழியில் மருந்துக் கடையில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மாணவியிடம் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பட்டத்துக்கான வேலை போய்விட்டது என்பதும் அதில் அடக்கம். "சார்ட்ட சொல்லுங்க மேடம், என் பாடு அப்புறம்" என்றாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

மதியத்துக்கு மேல் சாரைக் கூப்பிட்டோம். புதுப் பிளேட் ஒன்றை எடுத்து எல்லாக் குழியிலும் வெறுந்தண்ணீர் ஊற்றினேன். செல் இல்லை, கொடி இல்லை, மின்மினி இல்லை. முற்றத்தில் நடந்து கொண்டுபோய் ரீடரில் வைத்தேன். முதல் வரிசைகள் சிவந்தன, கடைசி வரிசைகள் நீலமாகின.

"தண்ணிகூட சுகரக் கொணமாக்குது சார்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம், ஆத்திரம்.

சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ ஏதாவது கலந்தியா?" என்று கேட்டார்.

என்னைப் பார்த்து! ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. சந்தேகப்படுகிற மனிதரோடு பேசலாம். "நீங்களே ஊத்துங்க சார்" என்றேன்.

அவரே இன்னொரு பிளேட்டைப் பிரித்தார். தண்ணீரையும் அவரே பிடித்தார். குழியில் விட்டதில் பாதி வெளியே போனது. மாணவி பிடிக்கப் போனபோது, "தொடாதே" என்றார். முற்றத்தில் மெதுவாக, ஒவ்வொரு அடியாக நடந்தார். வீம்புக்கு அப்படி நடக்கிறார் என்று நினைத்தேன். ரீடர் அளந்து முடித்தது. அதே சிவப்பு, அதே நீலம். பிளேட்டை உள்ளேயே விட்டு, அவர் சொல்ல, கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தோம். ஒன்றுமில்லை.

அவர் வாதாடவில்லை. நாற்காலியில் சாய்ந்து, "சரி" என்றார். பிறகு இன்னொரு முறை, "சரிம்மா" என்றார்.

நான் குளுக்கோமீட்டரை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனால் கையை நீட்டினார். விரலில் குத்தினேன், சொட்டைத் தாளில் தொட்டேன். மீட்டர் கூவியது. எண் வரவில்லை, அதைச் சொன்னேன். அதன் அளவுக்கு மேலே போய்விட்டால் எண்ணுக்குப் பதிலாக 'ஹை' என்று மட்டும் காட்டும்.

"மீட்டர் சரியில்லாம இருக்கும், புதுசுலா" என்றார் சார்.

நான் என் விரலில் குத்திக்கொண்டேன். எனக்குச் சரியான எண் வந்தது. மாணவி கேட்காமலேயே விரலை நீட்டினாள். அவளுக்கும் சரியாக இருந்தது. சாரைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லி, வேறு விரலில் பார்த்தேன். மறுபடியும் அதே.

மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தூரமாக நீட்டினார், ஜன்னல் பக்கம் திருப்பினார். நேரம் கடத்துகிறார், ஒப்புக்கொள்ள மனசில்லை என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.

"என்ன போட்டிருக்கும்மா?" என்றார். "வாசிச்சுச் சொல்லு."

மீட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்குத் தெரியலயா சார்?"

"கொஞ்ச நாளா எழுத்து கலங்குது. கண்ணாடி மாத்தணும்னு நெனச்சிட்டே இருந்தேன்."

"அப்ப ரீடர் காட்டுன எண்ணு?"

"எண்ணு எங்க தெரிஞ்சுது? நிறம் தெரியும். செவப்ப மட்டும் நல்லாப் பாப்பேன்."

இத்தனை மாதமாக எல்லோரையும் துருவித் துருவிப் பார்த்தவள், இவர் கண்ணை ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. மாணவி எல்லாருடைய பையையும் தூக்கிக்கொண்டாள், நான் சாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். படி இறங்கும்போது காலால் தடவித் தடவி இறங்கினார். காரை நான் ஓட்டினேன். தென்காசிக்குள் நுழைகிற இடத்தில் வழக்கம்போல் நெரிசல், குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. மாணவி பின் சீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிக்னலில் நின்றபோது சார் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு திரும்பிருமாம்மா?"

என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

"திரும்பிரும் சார்" என்றேன்.